முள் என்று நினைத்த புள்ளி

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. விடியும் முன் பெய்த மழை விட்டிருந்தது; வானம் மட்டும் இன்னும் மூடிக் கிடந்தது. வாடைக் காற்று. இராமநாதபுரத்தில் தோல் டாக்டரின் கிளினிக் வாசலில் தீபாவளி வெடிக் காகிதங்கள் ஊறிச் சாயம் விட்டிருந்தன. உள்ளே என் மனைவி கட்டிலில் குப்புறப் படுத்து வலது பாதத்தை டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயது எழுபத்து மூன்று, அவளுக்கு அறுபத்தெட்டு. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அவள் தன் உடம்புக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறியது இது ஐந்தாவது தடவை. அதில் இரண்டு பிரசவம்.

டாக்டர் இளம்பெண். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் ஒன்றாய்ச் சேர்ந்ததுபோன்ற ஒரு கருவியை அவள் குதிகாலில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"எத்தனை நாளா இருக்கும்மா இது?"

"அது முள்ளு டாக்டர்," என்று நான் முந்திக்கொண்டேன். "பத்து மாசமா உள்ள இருக்கு."

"முள்ளுன்னு யாரு சார் சொன்னா?"

"நாங்கதான்."

எங்கள் வீடு உச்சிப்புளிக்குப் பக்கம். கொல்லைக்குப் பின்னால் சீமைக்கருவைக் காடு. மனைவி முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். எத்தனை செருப்பு வாங்கிக் கொடுத்தாலும் அது வாசலோடு சரி. நான்கு ஆடுகள் வளர்க்கிறாள். அவற்றுக்குக் கருவை நெற்று உலுக்கப் போவாள், வரும்போது காலில் முள்ளோடு வருவாள். எங்கள் ஊரில் இது ஒரு சங்கதியே இல்லை. சைக்கிள் டயரையே துளைக்கிற முள்ளுக்குப் பாதம் எம்மாத்திரம். ஞாயிற்றுக்கிழமை காலை பலகாரம் முடிந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை என் மடியில் போடுவாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊக்கால் முள் எடுப்பேன். கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பார்த்தவன். ஊசிமுனை அளவு புள்ளியும் என் கண்ணுக்குத் தப்பாது என்ற எண்ணம் எனக்கு. அவளுக்கும் அந்த எண்ணம் இருந்ததுதான் எனக்குப் பெருமை.

அந்த வருடம் பொங்கல் கழிந்த வாரம் குதிகாலின் உள்பக்கம் ஒரு கரும்புள்ளி. ஊக்கால் நெருடினேன், ஒன்றும் வரவில்லை. முறிந்து உள்ளே தங்கிவிட்ட முள் என்று இருவரும் முடிவு செய்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி எருக்கம்பால் வைத்தோம். அது முள்ளை வெளியே தள்ளும் என்பார்கள். செங்கல்லைச் சுட்டு அதன்மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைத்து ஒத்தடம் கொடுத்தோம். புள்ளி மிளகளவு ஆனது, பிறகு புளியங்கொட்டை அளவு. சித்திரையில் மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, முள் நின்ற இடத்தில் கால் ஆணி விழுந்திருக்கிறது என்று பிளாஸ்திரி கொடுத்தார். அதையும் ஏழு தடவை மாற்றினோம். அதற்கு வலியே இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. ஐப்பசியில் அதிலிருந்து லேசாய் நீரும் ரத்தமும் கசிந்து பாயில் பட்ட பிறகுதான் நான் பயந்தேன்.

டாக்டர் ஒரு சின்ன ஸ்கேலை வைத்து அளந்தார். நீளம் பதினாறு மில்லிமீட்டர். ஓரம் ஒழுங்காக இல்லை, கறுப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் கலைந்தும் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு அதில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"நான் ஊக்கால குத்திக் குத்தித்தான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன்.

"குத்தினதால வரலை சார். ஆனா இனிமே குத்தாதீங்க."

முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களில் வரும் புற்றுநோய். நம் ஆட்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடமாகப் பார்த்து வருமாம்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். அதன் ஆழம் ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர் என்று தாளில் இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம். அவ்வளவுதான்.

மூன்று நாள் தள்ளித்தான் மனைவியிடம், "ஒரு மாதிரி கட்டியாம், மதுரையில போய் எடுத்துருவோம்" என்றேன்.

அவள் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். "புத்துன்னு சொல்லுங்க. அந்த டாக்டர்ப் பிள்ள முகத்தைப் பார்த்தப்பவே தெரியும். நீங்க மூணு நாளா சோத்துல உப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நானும் வேணும்னே போடாமத்தான் பார்த்தேன்."

செய்தி கேட்டு முதுகுளத்தூரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்த மச்சான். ஒரு மூட்டை வற்றல் மிளகாயோடும் ஒரு தீர்மானத்தோடும் வந்திருந்தார்.

"மாப்ள, யோசிக்காதீங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்துரச் சொல்லுங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்குச் சக்கரையில விரலை எடுத்தான், அப்புறம் பாதத்தை எடுத்தான், அப்புறம் முழங்காலு. தவணை தவணையா எடுக்கறதுக்கு ஒரே அடியா எடுத்துட்டா நிம்மதி."

"அவளுக்குச் சக்கரையே இல்லையே மச்சான்."

"நோவு எதுவா இருந்தா என்ன? காலோட போகட்டும், உசுரு நிக்கட்டும்."

உள்ளே இருந்து அவள் குரல் வந்தது. "ஏண்ணே, ஆட்டை வித்துட்டு ஒத்தக் கால்ல உங்க வீட்டுல வந்து உக்காரவா? மதினிகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றீகளா?"

மச்சான் காபியைக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் வாய் அடங்கியது. ஆனால் அவர் சொன்னது என் மனதில் அடங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் ஏறக்குறைய அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதிகமாக எடுத்தால் அதிகப் பாதுகாப்பு. எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். அவளுக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று: குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்க வேண்டும்.

மதுரைக்கு அடுத்த வீட்டுக்காரர் காரில் போனோம். இருபத்திரண்டு வருடம் சவுதியில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், என்னை அண்ணே என்பார், அவளை அக்கா என்பார். வண்டியில் ஏறியதும் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, மதுரை வரைக்கும் எத்தனை வேகத்தடைன்னு எண்ணிக்கிட்டு வாங்க. அக்காவை அரிக்காதீங்க." முப்பத்தொன்று இருந்தது. பரமக்குடியில் தேநீர்க் கடை தேடியபோது இரண்டை விட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் புதுமடத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது கைக் கட்டைவிரலில் மேல் கணு இல்லை. அதே கையால் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாய் என் மனைவிக்குக் கொடுத்தார்.

"நகத்துல கறுப்பா ஒரு கோடுக்கா. பெருநாளைக்குப் பெருநாள் மருதாணி போடுறோமா, அது மறைஞ்சே போச்சு. நகம் வெடிச்சப்புறந்தான் பார்த்தது. ஒரு கணுதான் எடுத்தாங்க. முன்னெல்லாம் விரலையே எடுத்துருவாங்களாம்."

"வேலை செய்ய முடியுதா?"

"மீன் ஆயறேன், மாவு பிசையறேன். கட்டுன மாப்பிள்ளைக்குக் கிள்ளு வைக்கத்தான் வாகா இல்ல."

இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

அறுவை டாக்டர் நிதானமானவர். ஒரு காகிதத்தில் பாதத்தை வரைந்தார். புள்ளியை ஒரு வட்டமாக இட்டு, அதைச் சுற்றி இன்னொரு பெரிய வட்டம் போட்டார்.

"இந்த ஆழத்துக்குச் சுத்தி ரெண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கணும் ஐயா. கீழே கொழுப்போட. எலும்பைத் தொட வேண்டாம். காலை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை."

"நாலு சென்டிமீட்டர் எடுத்துட்டா?"

"எதுக்கு?"

"ரெண்டு மடங்கு பத்திரமா இருக்குமே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்தக் கணக்கு இதுல வராது ஐயா. ரெண்டுக்கு மேல எவ்வளவு எடுத்தாலும் நோய்க்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. அம்மா நடக்கிறதுக்குத்தான் வித்தியாசம். பள்ளம் பெருசாகும்."

அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. தொடையிலிருந்து வெற்றிலைபோல மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டலாம். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் குதிகால் உடம்பின் பாரம் முழுவதையும் வாங்குகிற இடம். மெல்லிய தோல் வெடிக்கும், புண்ணாகும். இன்னொரு வழி, அதே பாதத்தின் குழியிலிருந்து தடித்த தோலை, அதன் ரத்தக்குழாயும் நரம்பும் அறாமல் அப்படியே திருப்பிக் குதிகாலுக்குக் கொண்டுவந்து தைப்பது. குழியில் உண்டாகும் காயத்துக்குத் தொடைத்தோலை ஒட்டிக்கொள்ளலாம், அங்கே பாரம் விழாது. ஆனால் மூன்று வாரம் கால் தரையில் படவே கூடாது. எதற்கும் நூற்றுக்கு நூறு உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

நான் இரண்டுக்கும் எவ்வளவு நாள், எவ்வளவு செலவு, எத்தனை தையல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் பாதத்தைத் திருப்பிக் குழியைத் தடவிப் பார்த்தாள்.

"இங்கன உள்ள தோலா டாக்டர்? இது பச்சப்பிள்ளத் தோலா இருக்கே. தரையே பார்த்ததில்லையே."

"இனிமே பார்க்கும்மா."

"அப்ப அதையே வைங்க. மூணு வாரந்தான? இவரு ஆட்டைப் பார்த்துக்கிருவாரு."

எனக்கு ஆட்டின் பல்லைக் கண்டாலே பயம் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றும் மிச்சமிருந்தது. "கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டும்ல, அந்த நெறியில முதல் நெறி எதுன்னு பார்த்து எடுத்துச் சோதிக்கணும்," என்றார். புள்ளியைச் சுற்றி நீல மருந்தை ஊசியில் ஏற்றினால் அது ஓடிப்போய் எந்த நெறியில் முதலில் நிற்கிறதோ அதில்தான் நோயும் முதலில் போயிருக்கும். அது சுத்தமாக இருந்தால் நோய் பாதத்தைத் தாண்டவில்லை என்று நம்பலாம். இல்லையென்றால் வேறு வைத்தியமும் சேர்க்க வேண்டிவரும். மருந்தைப் பற்றி வேறு ஏதோ சொன்னார். என் காதில் அந்த 'இல்லையென்றால்' மட்டும்தான் நின்றது.

டிசம்பர் இரண்டாம் வாரம், புதன்கிழமை. அவளை உள்ளே கொண்டுபோனது காலை எட்டேகாலுக்கு, வெளியே கொண்டுவந்தது மதியம் ஒன்று ஐந்துக்கு. அதற்கிடையில் அடுத்த வீட்டுக்காரர் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு பொட்டலம் இட்லி. நான் சாப்பிடவில்லை. "இங்கன தரையில எத்தனை கல்லு அண்ணே?" என்று கேட்டார். இருநூற்று எட்டு என்றேன். "சரி, இப்ப ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வாய்" என்று பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். மூன்று இட்லி இறங்கியது.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் கட்டிலிலிருந்து என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏங்க, இங்கன வாங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க." விரலால் கீழே காட்டினாள். "ஒண்ணுக்கு நீலமா போகுதுங்க. பாம்பன் கடலாட்டம்."

பெட்பேனைப் பார்த்தேன். உண்மைதான். பச்சையும் நீலமும் கலந்து, பாலத்தில் நின்று பார்க்கும் அதே நிறம். நோய் எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்றே நினைத்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் இருக்கும் இடத்துக்கு ஓடினேன்.

"ஐயா, அந்த ஊசி மருந்து கழியுது. டாக்டர் உங்ககிட்ட அன்னைக்கே சொன்னாரே. ஒரு நாள், ரெண்டு நாள் அப்படித்தான் போகும்."

திரும்பி வந்து சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தனை தையல், எத்தனை சென்டிமீட்டர், எத்தனை கல்லு. எல்லாம் கேட்டீக. இதை மட்டும் விட்டுட்டீகளாக்கும்?"

பிறகு கட்டில் அதிரச் சிரித்தாள். தொடையிடுக்கில் தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலையில் வந்த அடுத்த வீட்டுக்காரரிடமும் அவளே சொன்னாள். அவர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்ததை நான் பார்த்தேன்.

நெறியின் முடிவு வரப் பன்னிரண்டு நாள். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று தலையணைமேல் அவள் கால். நான் நெற்று உலுக்கினேன், தண்ணீர் வைத்தேன், ஆடுகளிடம் முட்டு வாங்கினேன். அவள் ஜன்னல் வழியே, "கறுத்த குட்டியை முதல்ல விடுங்க. ஏ, அவரைச் சும்மா விடு, வயசானவரு" என்று ஆட்டுக்கும் எனக்குமாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் போனில் டாக்டர் சொன்னார்: இரண்டு நெறி எடுத்ததில் இரண்டும் சுத்தம், வெட்டிய ஓரங்களும் சுத்தம். நான் கொல்லையில் நின்றிருந்தேன். உள்ளே ஓடினேன். இரண்டு விரலை மட்டும் காட்டினேன்.

"ரெண்டும் சரியாப் போச்சா?"

தலையாட்டினேன்.

"அதுக்கு ஏன் அழுகுறீக? கண்ணாடியக் கழட்டித் துடைங்க. ஆடு பார்க்குது."

தை மாதம் ஊன்றி நிற்க வைத்தார்கள். தட்டிலிருந்து அள்ளி வைத்த உளுந்தமாவு மாதிரி குதிகாலில் புதுத்தோல் பொம்மிக்கொண்டிருந்தது. நாளாக ஆக அமர்ந்துவிடும் என்றார்கள். மெத்தென்ற ரப்பர் வைத்த தனிச் செருப்பு அளவெடுத்துச் செய்து தந்தார்கள், வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்ற கட்டளையோடு. முதல் அடி வைத்தவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். வலியில் ஏதோ ஆகிவிட்டது என்று நான் பதறினேன்.

"இல்லங்க, கூசுது!"

குழியின் நரம்போடு வந்த தோல் அல்லவா, குதிகாலில் பட்டாலும் அவளுக்குக் குழியில் பட்டதுபோலத்தான் தெரிந்தது. அந்தப் பச்சப்பிள்ளைத் தோலுக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தரை அறிமுகமானது. சில மாதங்களுக்கு எங்கள் வீட்டில் அவள் எங்கே நடக்கிறாள் என்பதைச் சிரிப்பைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கால் மறுபடியும் என் மடிக்கு வந்தது. ஊக்கு இல்லை. துண்டின் நுனியால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பேன். இரண்டு உள்ளங்கால், இரண்டு உள்ளங்கை, இருபது நகம், தொடையிடுக்கு. எங்கேயாவது புதுப்புள்ளி, புதுக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் அவர்களும் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் போகிற வழியில் நான் வேகத்தடைகளை எண்ணுவேன், திரும்புகிற வழியில் எண்ண மாட்டேன்.

அறுவை முடிந்து ஒன்றேகால் வருடம் கழித்து, பங்குனி மாதத்தில் ஒரு காலை, கொல்லையிலிருந்து அவள் கத்தினாள்.

"ஏங்க, வாங்க வாங்க! முள்ளு! முள்ளு குத்திருச்சு!"

நான் ஓடினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். ரப்பரைத் துளைத்துக்கொண்டு கருவை முள் வலது குதிகாலில், அந்தப் புதுத்தோலில் ஏறியிருந்தது. அவள் முகத்தில் ஒரே பூரிப்பு.

"வலிக்குதுங்க. குழியில இல்ல, குதிகாலுலயே வலிக்குது. குத்துன இடத்துலயே தெரியுது!"

நாற்காலியில் உட்கார்ந்து காலை என் மடியில் போட்டாள். கறுப்பாய் ஒரு புள்ளி. "எடுங்க," என்றாள். சட்டையில் ஊக்கு இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஒரு முள்ளுக்கு இராமநாதபுரம் வரைக்கும் காரா அண்ணே?" என்றார் அவர், லுங்கியை மாற்றிக்கொண்டே.

அதே தோல் டாக்டர், அதே கருவி. பார்த்தார், இடுக்கியை எடுத்தார், ஒரே இழுப்பு. அரை அங்குல முள்ளைப் பஞ்சின்மேல் வைத்து என்னிடம் நீட்டினார். "இந்தத் தடவை முள்ளுதான் சார்."

"எனக்கு அப்பவே தெரியும் டாக்டர்," என்றாள் அவள். "இவருதான் ஊக்கைத் தொடமாட்டேன்னுட்டாரு."

டீசலுக்கு அடுத்த வீட்டுக்காரர் காசு வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மூன்று பேரும் பூரி சாப்பிட்டதற்கு மட்டும் என்னைக் கொடுக்க விட்டார். காப்பீடு தந்தது போக அதுவரை என் கையிலிருந்து போனது மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்துத் தொண்ணூறு. அன்றைக்கு டாக்டர் ஃபீஸ் நானூறு, பூரிக்கும் காபிக்கும் நூற்றைம்பது. மொத்தம் மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.